சொல்லியாச்சா?

காலை எட்டு இருபதுக்கு அந்தத் தையல் ஆலையை ஒட்டிய தெருவில் போகிறவர்கள், உள்ளேயிருந்து வரும் ஓலத்தைக் கேட்டுத் திடுக்கிட்டு நிற்பார்கள். என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்கள். பிறகு தங்களுக்கும் நேரமாகிவிட்டது நினைவுக்கு வர, நடையைக் கட்டுவார்கள். உள்ளே விபரீதம் ஒன்றுமில்லை. ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் முப்பத்தொரு குழந்தைகள் ஒரே நேரத்தில் தங்கள் அம்மாக்களை வேலைக்கு அனுப்பிவைக்கிற சத்தம்தான் அது.

இந்த ஓலத்துக்கான முழுப் பொறுப்பும் காப்பகத்தின் கேட்காரரைச் சேரும். காப்பகத்துக்கும் தையல் கூடத்துக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு கம்பிக் கதவு. குழந்தைகள் தவழ்ந்து மெஷின் பக்கம் போய்விடக் கூடாது என்று வைத்தது. தாழ்ப்பாள் கேட்காரர் கையில். குழந்தைகளைத் தடுப்பதற்காக ஆலை வைத்த கதவை, அம்மாக்களைத் தடுப்பதற்கு அவர் பயன்படுத்திக்கொண்டார்.

"சொல்லியாச்சா?" என்பார், தாழ்ப்பாளில் விரலை வைத்தபடி.

"சொல்லிட்டேன்ணே, தெறங்க."

"எப்ப சொன்னீங்க? என் காதுல விழலயே."

"மனசுக்குள்ள சொன்னேன்."

"மனசுக்குள்ள சொன்னா பிள்ளைக்குக் கேக்காது. திரும்பிப் போங்க."

"அண்ணே, பெல் அடிச்சிருச்சுண்ணே!"

"பெல் நாளைக்கும் அடிக்கும். போங்க."

அவள் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போவாள். குழந்தையின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் கண்ணைப் பார்த்து, 'போயிட்டு வரேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எப்போது வருவாள் என்பதையும் சொல்ல வேண்டும். 'சாயங்காலம்', 'சீக்கிரம்' போன்ற சமாளிப்புகள் செல்லாது. குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. 'பால் குடிச்சதும் தூங்குவ, தூங்கி எந்திரிச்சதும் சோறு, சோறு சாப்பிட்டதும் அம்மா' என்று அதற்குப் புரிகிற கணக்கில் சொல்ல வேண்டும். உடனே குழந்தை வீறிடும். அப்போதுதான் கதவு திறக்கும்.

இதனால் ஆலை முழுக்க அவருக்குச் 'சொல்லியாச்சா' என்றே பெயர். சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வேறு பெயர். காப்பகத்தின் ஆயாம்மா மட்டும் அவர் கட்சி. "எட்டரைக்கு அழுது தீத்த பிள்ளைங்க ஒம்பது மணிக்கு வெளயாடப் போயிரும். அழாம உக்காந்திருக்கு பாரு, அதுதான் மத்தியானம் சோத்தைத் துப்பும்" என்பாள். முப்பத்தொரு குழந்தைகளை அன்றாடம் அழவைக்கிற இந்த மனிதரால் ஒரு குழந்தை அழுவதைக் காணச் சகிக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்துவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எட்டு முப்பது வரை சுவரில் அப்படி என்னதான் படிப்பாரோ.

இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு ரோடு ரோலர்.

அப்போது அவருக்கு இரண்டரை வயது. அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அப்பா என்றால் ஆணியில் தொங்குகிற ஒரு சட்டை என்பதுதான் பையனின் எண்ணம். அம்மாவுக்குத் தொலைதூர நகரம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரு வீட்டில் தங்கி அவர்களுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பிள்ளையைக் கூட்டி வரக் கூடாது என்பது நிபந்தனை; வந்தால் கவனம் சிதறும் அல்லவா. எனவே தன் பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, இன்னொருத்தி பிள்ளையை வளர்க்கப் போவதென்று முடிவாயிற்று. அந்தப் பிள்ளை நன்றாக வளர்ந்தது என்று கேள்வி.

மாமா நல்லவர். நல்லவர்கள் செய்கிற ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு: யாரையும் குறை சொல்ல முடியாது. 'சொல்லிட்டுப் போனா அழுவான். அழுதா ஏங்கிப் போயிடுவான். நான் வெளிய தூக்கிட்டுப் போறேன், நீ அந்த நேரத்துல கெளம்பிடு' என்றார். தெருமுனையில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் நிற ரோடு ரோலர் ஒன்று முன்னும் பின்னும் உருண்டுகொண்டிருந்தது. 'அங்க பாரு, அங்க பாரு' என்று மாமா கையை நீட்டினார். பையன் வாயைப் பிளந்து அரைமணி நேரம் பார்த்தான். திரும்பி வந்தால் வீட்டில் அம்மா இல்லை.

பையன் அழவில்லை. அக்கம்பக்கத்தில் அதுதான் பேச்சு. 'தங்கமான பிள்ளை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல பாருங்க' என்று வந்தவர் போனவரெல்லாம் நற்சான்று கொடுத்தார்கள். அடுத்த நான்கு வருஷமும் அந்தச் சான்றிதழைக் காப்பாற்றுவதிலேயே அவன் பொழுது போயிற்று.

அன்றிலிருந்து, யாராவது விரலை நீட்டி 'அங்க பாரு' என்றால் அவன் அங்கே பார்க்க மாட்டான். நீட்டியவரைப் பார்ப்பான். கண்ணை எடுத்தால் ஆள் போய்விடுவார் என்பது அவன் அனுபவம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பால் கரும்பலகையைக் காட்டும்போது அவன் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் கோளாறு என்று டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் சுவரில் தொங்கிய எழுத்துகளைக் காட்டி, 'அங்க பாருப்பா' என்றார். பையன் டாக்டரைப் பார்த்தான். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வாத்தியாரை முன்னைவிடத் தெளிவாகப் பார்த்தான். வாத்தியார் முகத்தில் எத்தனை மச்சம் என்று பரீட்சையில் கேட்டிருந்தால் அவன்தான் முதல்.

கல்யாணப் புகைப்படத்திலும் அதே கதைதான். படம் எடுப்பவர் 'இங்க பாருங்க சார்' என்று தொண்டை கிழியக் கத்தியும், எல்லாப் படத்திலும் அவர் மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சொந்தக்காரர்கள் அதை அளவு கடந்த அன்பு என்று எடுத்துக்கொண்டார்கள். மனைவியும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்திருந்தாள். "அப்புறம்தான் தெரிஞ்சது, இவரு என்னைப் பாக்கல, நான் ஓடிப் போயிடாம காவல் காத்துட்டிருந்தாருன்னு" என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முப்பத்தொரு பேர் போதும் என்பது அவள் வாதம்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. வேலை முடிந்து வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் மாவு டப்பாவின் மூடியைத் திறந்து பார்ப்பார். மூடிவிடுவார். சிக்கனத்துக்காகப் பார்க்கிறார் என்பது மனைவியின் ஊகம். ஏன் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியாது. ரோடு ரோலர் மீது மட்டும் அவருக்குக் கோபமே கிடையாது. எங்கே கண்டாலும் நின்று பார்ப்பார். ஆனால் ஒருக்களித்து நின்றுதான். ஒரு கண் அதன் மேல், ஒரு கண் வீட்டுப் பக்கம்.

அம்மா திரும்பி வந்தபோது பையனுக்கு ஆறரை வயது. கையில் தகரப் பெட்டியோடு வாசலில் நின்றாள். பையன் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வான் என்று நான்கு வருஷம் ஒத்திகை பார்த்திருந்தாள். பையன் வந்தான். "உள்ள வாங்க. உக்காருங்க. மாமா வெளிய போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க" என்றான். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அடித்திருந்தால் தாங்கியிருப்பாள், திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தத் தண்ணீரைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மடியில் வந்து உட்காராத பையன், அவளைக் கண்ணிலிருந்து தப்பவும் விடவில்லை. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். தண்ணீர்ச் சத்தம் சற்று நின்றால் போதும்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

மறுபடி சத்தம் கேட்டதும்தான் அமைதியாவான். அவள் அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டாள். அவனுக்கோ, அதைத் தவிர வேறெப்படிப் பாசம் வைப்பது என்று தெரியவில்லை. இப்படியாக, ஒருவருக்காக ஒருவர் ஏங்கிக்கொண்டிருந்த இருவர், ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்களைப் போல மரியாதையாக வாழப் பழகிக்கொண்டார்கள். நாற்பது வருஷம் ஆகிறது. இன்றும் அவர் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறார். அவள் அவரைத் 'தம்பி' என்கிறாள், வழி கேட்பதற்கு யாரோ ஒரு பையனைக் கூப்பிடுவது போல. நடுவில் இருந்து மனைவிதான் பேச்சுவார்த்தையை நடத்திக்கொடுக்கிறாள். "அத்தை, அவரு சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு." "ஏங்க, அத்தைக்கு முட்டி வலிக்குதாம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

அம்மா வருஷம் ஒரு தடவை தன் தங்கை வீட்டுக்குப் போவாள். எட்டு மணி நேரப் பயணம். எப்போதும் காலை பத்து மணி பஸ். அதாவது, மகன் வேலைக்குப் போன பிறகு. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பும் தைரியம் அவளுக்கு இல்லை. சாயங்காலம் மனைவி செய்தி வாசிப்பாள்: "அத்தை ஊருக்குப் போயிட்டாங்க." கேட்காரர் தலையை ஆட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்ப்பார்.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். தினம் முப்பத்தொரு தடவை அதை அவர் காதால் கேட்கிறார். ஒருத்தியும் அவரைப் பார்த்துச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவளிடம் கேட்டு வாங்கலாம்தான். கேட்டு வாங்கினால் அது எப்படி அதுவாகும்?

இந்த வருஷம் சித்தி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மா மறுபடியும் இன்னொருவரைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பத் தயாரானாள். வியாழக்கிழமை, காலை பத்து மணி பஸ்.

அதற்கு முந்தின வாரக் கடைசியில்தான் ஆலைக்குப் புது மேனேஜர் வந்தார். வயது முப்பதுக்குள். கழுத்தில் டை, கையில் ஸ்டாப்வாட்ச். முதல் நாளே கதவருகில் நின்று அளந்துவிட்டார். ஒரு அம்மாவுக்கு ஆறு நிமிஷம் வீணாகிறது. முப்பத்தொரு அம்மாவுக்கு நூற்றெண்பத்தாறு நிமிஷம். அதில் எத்தனை சட்டை தைக்கலாம் என்று சொன்னபோது அவருக்கே குரல் தழுதழுத்தது. மறுநாள் காப்பகத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி வந்து இறங்கியது. ஆரஞ்சு நிறத்தில் நான்கு மீன்கள்.

"ஆயாம்மா குழந்தைக்கு மீனைக் காட்டுவாங்க. குழந்தை மீனைப் பாக்கும். அம்மா பேக்கிங் பக்கம் இருக்குற பின்வாசல் வழியா வேலைக்குப் போயிடுவாங்க. அவ்வளவுதான். கவனத்தைத் திருப்புறது. அறிவியல்" என்றார் மேனேஜர்.

"அப்ப நான்?" என்றார் கேட்காரர்.

"நீங்க கதவைப் பாத்துக்குங்க. யாருகிட்டயும் ஒண்ணும் கேக்காதீங்க. அழுகைச் சத்தம் நின்னா நல்லதுதானே?"

"அழுகை நிக்காது சார். எடம் மாறும்."

மேனேஜருக்கு இது விளங்கவில்லை. அவர் நன்றாகப் படித்தவர்.

மூன்று நாள் காப்பகம் நூலகம் போல இருந்தது. தெருவில் போகிறவர்கள் நிற்காமல் போனார்கள். பத்தரை மணிக்கு மேல் குழந்தைகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கியதை மேனேஜரிடம் யாரும் சொல்லவில்லை. அது ஸ்டாப்வாட்ச்சில் தெரியாது.

மீன் காட்டத் தொடங்கிய அன்றைக்கே புதிதாகச் சேர்ந்த குழந்தை ஒன்று. பெண், வயது இரண்டரை. அவள் அம்மா காலர் மெஷினில் வேலை. பெரிய கோட்டுப் பட்டன் ஒன்றைக் கெட்டி நூலில் கோத்து மகள் மணிக்கட்டில் கட்டியிருந்தாள். அதனால் எல்லோரும் குழந்தையைப் பட்டன் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் பட்டன் மீனைப் பார்த்துக் கை தட்டினாள். திரும்பினால் அம்மா இல்லை. இரண்டாம் நாள் பாதி மீனும் பாதி அம்மாவுமாகப் பார்த்தாள். நான்காம் நாள், அது புதன்கிழமை, ஆயாம்மா "பட்டன், அங்க பாரு, மீன் வாலை ஆட்டுது!" என்று விரலை நீட்டியபோது, பட்டன் மீன் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

கதவருகில் நின்ற கேட்காரருக்குத் தன் கல்யாணப் படத்தை இன்னொருவர் வீட்டுச் சுவரில் கண்டதுபோல் இருந்தது.

ஆயாம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அம்மா தன் துணியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் பின்வாசலுக்கு ஓடினாள். கீழே இறக்கிவிட்டதும் பட்டன் அழவில்லை. நடந்தாள். பொம்மை அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். சுருட்டி வைத்த பாய்களுக்கு நடுவே பார்த்தாள். கடைசியில் சோற்று வாளியின் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சமத்துப் பிள்ளை! அழவே இல்ல பாருங்க" என்றார் மேனேஜர், ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தியபடி.

கேட்காரர் தாழ்ப்பாளைத் திறந்தார். தையல் கூடத்தின் மூன்றாவது வரிசைக்கு விறுவிறுவென்று போய், காலர் மெஷினின் சுவிட்சை அணைத்தார்.

"எந்திரிங்க. வந்து சொல்லிட்டுப் போங்க."

"அண்ணே, மேனேஜர்..."

"அவருக்கும் சேத்துச் சொல்லுங்க. வாங்க."

அவள் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னாள். பட்டன் வீறிட்டாள். தகரக் கூரை அதிர்ந்தது. அம்மாவும் அழுதாள். மீன் காட்டிய ஆயாம்மாவும் பாவம் தீர அழுதாள். காலர் இல்லாத சட்டைகள் பதினோரு நிமிஷம் வரிசையில் காத்துக் கிடந்தன. மதியம் கேட்காரர் கைக்கு மெமோ வந்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். தவறினால் வேலை இல்லை.

அன்று மாலை வீட்டில் மேஜை மேல் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்தாள். வீட்டில் கையெழுத்து நன்றாக இருப்பது அவளுக்குத்தான். சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்; மறுநாள் பயணத்துக்கான பை கட்டி, சுவரோரம் தயாராக இருந்தது.

"காரணம்னு ஒரு எடம் விட்டிருக்கு. என்ன எழுத?"

"குழந்தை மீனைப் பாக்கலன்னு எழுது."

"இதை எழுதினா உங்களைத் தூக்கித்தான் மீன் தொட்டியில போடுவாங்க. ஒழுங்கா ஏதாவது சொல்லுங்க. தலை சுத்துச்சுன்னு எழுதவா?"

"தலை சுத்தல."

"ஏங்க, எல்லா அம்மாவும் சாயங்காலம் வந்துடத்தானே போறாங்க? இதுக்குப் போயி மெஷினை அணைக்கலாமா?"

"வருவாங்கன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு யாரு சொன்னா?"

மனைவி பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பகத்துச் சுவரில் தினம் படிப்பதை இன்று இந்தச் சுவரில் வாசிப்பது போலச் சொல்லத் தொடங்கினார்.

"எழுது. ஐயா, எனக்கு ரெண்டரை வயசு இருக்கறப்ப என்னை ரோடு ரோலர் பாக்கத் தூக்கிட்டுப் போனாங்க. அரைமணி நேரம் பாத்தேன். வீட்டுக்கு வந்தா எங்கம்மா இல்ல. நான் பாக்காம இருந்திருந்தா அவங்க போயிருக்க மாட்டாங்கன்னு ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். இப்பவும் யாராவது ஒண்ணைக் காட்டினா என்னால பாக்க முடியாது. அந்தப் பிள்ளையும் இன்னைக்குப் பாக்கல. அதனாலதான் மெஷினை அணைச்சேன்."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை. கேட்காரர் காது கொடுத்துக் கேட்டார். பழைய பழக்கம்.

"இருக்கீங்களா?" என்றார்.

உள்ளே ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இருக்கேன்."

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கடைசில 'உண்மையுள்ள'ன்னு போடவா?"

"போடு. உண்மைதானே."

மறுநாள் காலை அவர் செருப்பை மாட்டும்போது அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். நாற்பது வருஷத்தில் அவள் அப்படி வந்து நின்றதில்லை.

"பத்து மணி பஸ்ஸுக்குப் போகல. சாயங்காலம் ஆறு மணிக்கும் ஒண்ணு இருக்காம். நீ வந்ததும் போறேன்" என்றாள்.

மேனேஜர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேஜை மேலிருந்த ஸ்டாப்வாட்ச்சை நகர்த்தி வைத்தார்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல கெடையாது. நான் வந்து பாப்பேன்."

"ரெண்டு நிமிஷம் தாராளம் சார்."

கேட்காரர் கதவு வரை போய்விட்டார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த ரோடு ரோலர் என்ன கலர்?"

"மஞ்சள் சார்."

மேனேஜர் குறித்துக்கொள்வது போலத் தலையை ஆட்டினார். எட்டு இருபதுக்கு ஆலை பழையபடி அலறியது. மீன்கள் அப்பாடா என்று வாலை ஆட்டின.

அன்று பகல் முழுக்க அவர் நிலைகொள்ளவில்லை. நீ வந்ததும் போறேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னவர்கள் செய்வார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? தினமும் முப்பத்தொரு குழந்தைகளை எதை நம்பச் சொல்கிறோம் என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது. ஐந்து மணிக்கு மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தார். பார்த்த பிறகும், கால் தன்பாட்டில் சமையலறைக்குப் போயிற்று. கை மாவு டப்பாவைத் திறந்தது. மூடியது. திரும்பினால் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அவர் கீழே நின்றார். ஜன்னல் கம்பியை அவள் ஒரு பக்கம் பிடித்திருந்தாள், அவர் ஒரு பக்கம். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"தம்பி, அந்த மாவு டப்பாவை எதுக்குத் தெறந்து பாக்குற?"

"தெரியலம்மா. பழக்கம்."

"எனக்குத் தெரியும்." அவள் எதிர்ப்பக்கத்து பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு நான் உடனே போகல. சமையக்கட்டுப் பின்ஜன்னலுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன். உன் மாமா உன்னை எறக்கிவிட்டுட்டு, என்னைப் பாத்துப் போ போன்னு கையைக் காட்டிட்டே இருந்தாரு. நீ ரூம் ரூமாத் தேடினே. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தே. கடைசில அந்த மாவு டப்பாவைத் தெறந்து எட்டிப் பாத்தே. அம்மா அதுக்குள்ள இருப்பேன்னு நெனச்சுட்டே போல."

கேட்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ அழுதா உள்ள வந்துடணும்னுதான் நின்னேன். ஒரே ஒரு தடவை அம்மான்னு அழுதிருந்தா, வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு வந்திருப்பேன். நீ அழல. மூடிய மூடி வெச்சுட்டு சமத்தா உக்காந்துட்டே. சரி, இவனுக்கு நான் அவ்வளவா வேணாம் போலிருக்குன்னு நெனச்சுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்தப்பவும் தண்ணி கொடுத்தியா, அதேதான்னு நெனச்சேன்."

"அழணும்னு எனக்குத் தெரியலம்மா."

"தெரியாதுதான். நேத்து நீ எழுதச் சொன்னப்பதான் எனக்கே புரிஞ்சது."

டிரைவர் வந்து ஏறினார். கண்டக்டர் படியில் நின்று கடைசி ஆட்களைக் கூவிக்கொண்டிருந்தார். அம்மா இருக்கையில் முன்னால் நகர்ந்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். குத்துக்காலிட முடியாத இடத்தில் அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

"போயிட்டு வரேன்" என்றாள்.

அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "எப்ப?" என்றார்.

"மாசம் ஒரு தடவை முடி வெட்டிக்கிறியே. மூணு தடவை வெட்டிக்கோ. நாலாவது தடவைக்கு முன்னால வந்துடுவேன்."

"வெட்டுறதுக்கு என்னம்மா இருக்கு?"

"இருக்குறதை வெட்டு."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அதை அவர் பார்க்கக் கூடாது என்று, அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வழியில், சட்டென்று விரலை நீட்டினாள்.

"தம்பி, அங்க பாரு. பஸ் மேல சைக்கிள் ஏத்துறான்."

அவருக்கு அந்தத் தந்திரம் நன்றாகத் தெரியும். அதன் அடியும் முடியும் அவர் அறியாததல்ல. பஸ்ஸின் இன்ஜின் வேறு உறுமத் தொடங்கியிருந்தது. அவர் அவளுடைய விரலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி, அவள் காட்டிய பக்கம் பார்த்தார்.

எதிர்ப்பக்கத்து பஸ்ஸின் கூரையில் ஒருவர் குப்புறப் படுத்து, கீழேயிருந்து இன்னொருவர் தூக்கிய சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். சைக்கிள் அரைவட்டமடித்து மேலே போயிற்று. முன்சக்கரம் காற்றில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சைக்கிளைப் படுக்கவைத்துக் கயிறு கட்டினார்கள். ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சு. கேட்காரர் முழுவதையும் பார்த்தார். பிறகுதான் திரும்பினார்.

அம்மா ஜன்னலிலேயே இருந்தாள். முகத்தைத் துடைத்து முடித்திருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

விசில் அடித்தது. பஸ் நகர்ந்தது. அவள் கை ஜன்னலுக்கு வெளியே அசைந்துகொண்டே போய், வளைவில் மறைந்தது. அதன் பிறகு கேட்காரர் அழுதார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. எட்டு இருபதுக் குரலில், வாய்விட்டு, நாற்பத்தாறு வயதுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் அழுதார். டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்னண்ணே, யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லப்பா. எங்கம்மா ஊருக்குப் போறாங்க. மூணு மாசத்துல வந்துடுவாங்க."

"அதுக்கா இப்படி அழுறீங்க?"

"சொல்லிட்டுப் போனாங்கப்பா. அதான்."